விண்வெளிப் படங்களைத் தமிழ்ல டப் பண்றவங்களுக்கும் வெளியிடுறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுறவங்க, டப்பிங் வேலையை எடுத்துச் செய்ற ஸ்டுடியோக்காரங்க, அதை வாங்கி எங்க வீட்டு டிவி வரைக்கும் கொண்டு வர்ற ஓடிடி தளத்துக்காரங்க, உங்க எல்லாருக்கும் சேத்துதான் இதை எழுதுறேன்.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு விண்வெளிப் படத்தோட தமிழ் டப்பிங் பத்தி உங்கள்ல ஒருத்தருக்குப் புகார் அனுப்பினேன். எத்தனாவது நிமிஷம், எத்தனாவது நொடி, என்ன வசனம், அது ஏன் தப்பு, எப்படி இருந்திருக்கணும்னு 14 இடத்தைக் குறிச்சு எழுதியிருந்தேன், அதுக்காக அந்தப் படத்தை ரெண்டு தடவை இங்கிலீஷ்லயும் ரெண்டு தடவை தமிழ்லயும் பாத்தேன். வந்த பதில் ரெண்டே வரி. சாதாரண ரசிகர்களுக்கும் எளிதில் புரியணும்னு வசனங்கள் மாற்றப்பட்டிருக்கு, உங்க கருத்துக்கு நன்றி. அவ்வளவுதான். எந்தப் படம், எந்தத் தளம்னு நான் இங்க சொல்லப் போறதில்ல, ஏன்னா ஒரு இடத்துல மட்டும் நடக்கற விஷயமா இருந்தா நான் இப்படி பொதுவுல எழுதவே மாட்டேன்.

நீங்க சொல்ற அந்த சாதாரண ரசிகர் யாருன்னா எங்க அம்மா. அவங்களுக்கு இங்கிலீஷ் வராது. இன்னொருத்தர் எங்க அப்பா, அவருக்குக் காது ரொம்பவே மந்தம், சப்டைட்டில் இல்லாம எந்தப் படமும் பாக்க முடியாது. 2023 ஆகஸ்ட் 23 அன்னைக்கு சந்திரயான் 3 நிலாவுல இறங்கினதை ரெண்டு பேரும் டிவி முன்னாடி உக்காந்து நேரலையில பாத்தாங்க, அதுல இருந்தே விண்வெளின்னா ஒரு ஆர்வம். இந்த ரெண்டு மாசமா சனி, ஞாயிறு ராத்திரியில மூணு பேரும் சேந்து வரிசையா விண்வெளிப் படங்களா பாத்துட்டு வர்றோம். தமிழ் இருந்தா தமிழ்ல போடுவோம், இல்லாட்டி இங்கிலீஷ்ல போட்டு நான் அம்மா காதுக்குப் பக்கத்துல சொல்லிக்கிட்டே வருவேன், அப்பாவுக்கு நிறுத்தி நிறுத்தி சொல்லணும். அப்படிப் பாத்த அனுபவத்துல இருந்துதான் பேசறேன்.

அந்த 14 இடத்துல முதல் இடம் இது. விண்கலம் பாதை மாறணும், அதுக்காக இன்ஜினைக் கொஞ்ச நொடி மட்டும் இயக்கணும். இங்கிலீஷ்ல இதை 'பர்ன்'னு சொல்வாங்க. உங்க தமிழ்ல அந்த ஆள் "எரிய ஆரம்பிச்சிருச்சு, இன்னும் பத்து நொடி எரியும்"னு கத்துறார். அம்மா சட்டுனு நிமிந்து உக்காந்து "அய்யோ, தீப்பிடிச்சிருச்சா?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் பத்து நிமிஷம் அவங்க கண்ணு பூரா தீயைத்தான் தேடுது, கப்பல்ல எந்தப் பக்கம் எரியுது, ஏன் யாரும் அணைக்கல, ஏன் எல்லாரும் கை தட்டுறாங்கன்னு. அந்தப் படத்துலயே பெரிய பதட்டமான காட்சி அது, குறிச்ச நொடியில இன்ஜின் நிக்கலன்னா அவங்க வீடு திரும்பவே முடியாது. அந்தப் பதட்டம் அம்மாவுக்கு வரவே இல்ல, இல்லாத தீ மேல பயம்தான் வந்துச்சு. "இன்ஜினை ஓட விடு, பத்து நொடி"ன்னு எழுதியிருந்தா போதும், இதுல என்ன கஷ்டம்?

அடுத்தது சப்டைட்டில். ரேடியோல பேசறப்ப 'காப்பி'ன்னு சொன்னா நீ சொன்னது புரிஞ்சுதுன்னு அர்த்தம். அப்பா படிச்ச தமிழ் சப்டைட்டில்ல "நகலெடு"ன்னு வந்துச்சு. இறங்குற முயற்சியைக் கைவிடுன்னு கட்டளை போடற இடத்துல, 'அபார்ட்'ங்கிற வார்த்தைக்கு, "கருக்கலைப்பு"ன்னு வந்துச்சு. நிலாவுல இறங்கப் போற ரெண்டு பேர் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கற நேரத்துல திரையில கீழ அந்த வார்த்தை. அப்பா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் பாத்தார், அப்புறம் என்னைப் பாத்தார், நான் என்ன சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். ஒரு மனுஷன் இதைப் படிச்சுப் பாத்து அனுமதிச்சிருக்க முடியாது. மெஷின்ல போட்டு எடுத்ததை யாருமே பாக்காம அப்படியே ஏத்தியிருக்கீங்கன்னு தெளிவாத் தெரியுது.

இதுல இன்னொரு கொடுமை, டப்பிங்குக்கும் சப்டைட்டிலுக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டும் தமிழ்தான், ஒரே படம்தான், ஆனா வேற வேற ஆளுங்க வேற வேற நேரத்துல செஞ்சதுன்னு நல்லாத் தெரியுது. டப்பிங்ல 'கோள்'னு சொல்றாங்க, சப்டைட்டில்ல 'நட்சத்திரம்'னு ஓடுது. டப்பிங்ல ஆக்ஸிஜன் இன்னும் 2 மணி நேரத்துக்கு வரும்னா சப்டைட்டில்ல 2 நிமிஷம். படம் முடிஞ்சு அம்மா சொல்ற கதை ஒண்ணு, அப்பா சொல்ற கதை ஒண்ணு, "ஏங்க, நீங்க தூங்கிட்டீங்களா நடுவுல?"ன்னு அம்மா கேக்குறாங்க, அப்பா கோவப்படறார். ஒரே சோஃபால பக்கத்துல பக்கத்துல உக்காந்து ரெண்டு வேற படம் பாத்திருக்காங்க. இதுவாவது பரவாயில்ல, பல படங்கள்ல தமிழ் டப்பிங் மட்டும் குடுத்துட்டு தமிழ் சப்டைட்டில் சுத்தமா குடுக்கறதே இல்ல, அப்போ எங்க அப்பா மாதிரி ஆளுங்க என்ன பண்றது?

வார்த்தை விஷயத்துல இன்னும் கொஞ்சம் சொல்லணும். ராக்கெட்டை 'ஏவுகணை'ன்னு சொல்லாதீங்க, ஏவுகணைன்னா மிசைல், அது குண்டு போடறது. மனுஷங்க ஏறிப் போற வண்டியை ஏவுகணைன்னு சொன்னா கதையே மாறிப் போகுது. ராக்கெட்னே சொல்லுங்க, எல்லாருக்கும் தெரியும். ஒளி ஆண்டுங்கிறது தூரம், சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர், அதைப் போய் "பல ஒளி ஆண்டுகளுக்கு முன்னாடி நடந்தது"ன்னு காலக் கணக்கா ஒரு பேராசிரியர் வாயில வெச்சு பேச வெச்சிருக்கீங்க. அந்தப் பாத்திரம் வானியல் பேராசிரியர், அவர் வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வரவே வராது.

சில வார்த்தைகள் நிஜமாவே கஷ்டம்னு எனக்கும் தெரியும், நானே அம்மாவுக்கு சொல்றப்ப தடுமாறியிருக்கேன். 2015ல வந்த தி மார்ஷியன் படத்துல செவ்வாய் கிரகத்து ஒரு நாளை 'சோல்'னு சொல்வாங்க, 24 மணி 39 நிமிஷம், நம்ம நாளை விடக் கொஞ்சம் நீளம். தனியா மாட்டிக்கிட்டு உருளைக்கிழங்கு வெச்சுப் பொழைக்கற மனுஷனுக்கு அந்தக் கணக்கு ரொம்ப முக்கியம், இத்தனாவது சோல்னு எண்ணிக்கிட்டே இருப்பான். தமிழ்ல சோல்னு சொன்னா காதுல 'சொல்'னு விழுது. சரி 'செவ்வாய் நாள்'னு சொல்லலாம்னு பாத்தா கிழமைன்னு நினைச்சுருவாங்க. நான் என்ன பண்ணேன்னா முதல் தடவை வரும்போது "அங்க ஒரு நாளுக்கு சோல்னு பேரு"ன்னு ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன், அதுக்கப்புறம் அம்மாவே எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு வாக்கியம் போதுமா இருந்துச்சு.

அதே மாதிரிதான் 2016ல வந்த ஹிடன் ஃபிகர்ஸ். கேத்தரின் ஜான்சன், டோரத்தி வாகன், மேரி ஜாக்சன்னு நாசாவுல வேலை பாத்த மூணு கறுப்பினப் பெண்களோட நிஜக் கதை. அந்தக் காலத்துல 'கம்ப்யூட்டர்'ங்கிறது ஒரு ஆளோட உத்தியோகப் பேரு, கையால கணக்குப் போடறவங்களுக்கு அதான் பேரு. அந்த வார்த்தையை 'கணினி'ன்னு மாத்திட்டா படமே போச்சு, ஏன்னா அந்தப் பெண்கள் இருந்த இடத்துக்கு நிஜமான மெஷின் வந்து இறங்குறதுதான் அந்தக் கதையோட பெரிய திருப்பமே. 1962 பிப்ரவரி 20 அன்னைக்கு பூமியைச் சுத்திப் போகறதுக்கு முன்னாடி அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென், மெஷின் போட்ட கணக்கை அந்தப் பொண்ணு ஒரு தடவை சரி பாக்கட்டும்னு கேட்டார், அந்தப் பொண்ணு கேத்தரின் ஜான்சன். 'கணக்கர்'னு ஒரு வார்த்தை தமிழ்ல இருக்கு, அதை எடுத்துக்கலாம், இல்லாட்டி "கணக்குப் போடறவங்களை அப்போ கம்ப்யூட்டர்னுதான் கூப்பிடுவாங்க"ன்னு யாராவது ஒருத்தர் ஒரு இடத்துல சொல்லிட்டாப் போதும். ஆனா இப்படி யோசிக்கறதுக்கு, டப்பிங் ரைட்டர் அந்த விஷயத்தைத் தெரிஞ்சுக்க அவருக்கு நாலு நாள் டைம் குடுக்கணும், நீங்க குடுக்கறீங்களா?

இதெல்லாம் கூட நான் பொறுத்துப்பேன். பொறுத்துக்கவே முடியாதது ஒண்ணு இருக்கு, அது மௌனம்.

விண்வெளியில காத்து இல்ல, அதனால சத்தமும் இல்ல. இதைப் புரிஞ்சுக்கிட்டு எடுத்த படங்கள் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சப் படங்கள்ல சத்தம் இல்லாத இடங்கள்தான் உயிரே. 1968ல வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்துல முதல் சுமார் 25 நிமிஷம் ஒரு வசனம் கிடையாது, கடைசியில இருபது நிமிஷத்துக்கு மேல ஒரு வசனம் கிடையாது, நடுவுல ஒரு ஆள் விண்கலத்துக்கு வெளிய போகும்போது அவர் மூச்சு மட்டும் கேக்கும், உஸ்... உஸ்ஸுன்னு, அவ்வளவுதான். இன்னும் மனுஷன் நிலாவுல காலே வைக்காத நேரத்துல எடுத்த படம் அது. 2013ல வந்த கிராவிட்டி, ஆரம்பிக்கறப்பவே விண்வெளியில சத்தத்தைக் கொண்டு போக எதுவும் இல்லன்னு எழுத்துல போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் கதாநாயகியா வர்ற விண்வெளி வீராங்கனை கையால ஒரு கம்பியைப் புடிச்சா அந்த அதிர்வு உடுப்பு வழியா உள்ள வர்ற மாதிரி ஒரு அமுங்கின சத்தம் மட்டும் வரும், பின்னாடி ஒரு விண்வெளி நிலையமே சுக்கு நூறா உடையும், ஆனா சத்தம் இருக்காது. அந்தப் படத்துக்குக் கிடைச்ச 7 ஆஸ்கர்ல ரெண்டு சத்தத்துக்கே கிடைச்சது. அதாவது சத்தத்தை எங்க எடுக்கணும்னு தெரிஞ்சதுக்குக் கிடைச்சது.

2018ல வந்த ஃபர்ஸ்ட் மேன் படத்தை நாங்க இங்கிலீஷ்லதான் பாத்தோம். நீல் ஆம்ஸ்ட்ராங்கோட கதை. ரெண்டு வயசுல செத்துப் போன தன் பொண்ணைப் பத்தி யார்கிட்டயும் பேச முடியாத ஒரு மனுஷனோட கதைன்னும் சொல்லலாம், என்னைக் கேட்டா நான் அப்படித்தான் சொல்வேன். நிலாவுல இறங்குற வரைக்கும் காது கிழியற மாதிரி சத்தம், கப்பல் ஆடுது, அலாரம் அடிக்குது, எரிபொருள் தீரப் போகுது. இறங்கிடறாங்க. கதவைத் திறக்கறாங்க. உள்ள இருந்த காத்து உஸ்ஸுன்னு வெளிய போகுது, அப்படியே எல்லா சத்தமும் நின்னு போகுது. ஒண்ணுமே இல்ல. நான் அம்மாவுக்குச் சொல்லிக்கிட்டே வந்தவன் அந்த இடத்துல நானும் வாயை மூடிக்கிட்டேன், சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. அம்மா முதல்ல ரிமோட்டைப் பாத்தாங்க. "ஏம்ப்பா, டிவியில சத்தம் போயிருச்சா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்களே "இல்ல இல்ல... அங்கதான் காத்தே இல்லையே"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க, அந்தக் காட்சி முடியற வரைக்கும் விடல. அப்பா பக்கம் பாத்தேன். அவர் வழக்கமா என்ன சொல்றாங்கன்னு என் பக்கம் திரும்பித் திரும்பிப் பாப்பார், அந்த ரெண்டு மூணு நிமிஷமும் திரும்பவே இல்ல, ஏன்னா அந்த நேரத்துல எங்க மூணு பேருக்கும் கேட்டது ஒண்ணுதான்.

இதை எனக்கு எழுதவே கொஞ்சம் கஷ்டமா இருக்கு. ஆனா நீங்க படிக்கணும்னுதான் எழுதறேன், ஏன்னா நீங்க புரியாதுன்னு சொன்னது இவங்களைத்தான்.

இப்போ நான் புகார் அனுப்பின படத்துக்கு வர்றேன். அதுலயும் அப்படி ஒரு இடம் இருக்கு. கயிறு அறுந்து ஒரு ஆள் தனியா மிதந்து போறார், மூலப் படத்துல முக்கால் நிமிஷம் பேச்சே இல்ல, மூச்சு மட்டும். உங்க தமிழ்ல அந்த முக்கால் நிமிஷத்துல அவர் பேசறார். "கடவுளே, நான் எங்க இருக்கேன், சுத்தி ஒரே இருட்டா இருக்கே, என் குடும்பத்தை இனிமே பாப்பேனா, என்னை யாராவது காப்பாத்துங்க"ன்னு விடாமப் பேசறார். இந்த வரி எதுவும் மூலத்துல இல்ல, நீங்க எழுதிச் சேத்தது. எதனால இது நடக்குதுன்னு யோசிச்சுப் பாத்தேன். ஹெல்மெட் போட்டிருக்கார், உதடு தெரியல, லிப் சிங்க் பத்திக் கவலை இல்ல, அதனால என்ன வேணா பேச வைக்கலாம்னு தோணியிருக்கு. ஆனா அதே காரணத்தாலதான் மத்த படங்களை விட விண்வெளிப் படங்களை நீங்க நல்லா டப் பண்ண முடியும், உதட்டுக்கு ஏத்த மாதிரி வார்த்தையை வெட்டி ஒட்ட வேண்டிய கட்டாயமே இல்லாம, சரியான தமிழை நிதானமா எழுத எத்தனை இடம் கிடைக்குது. அந்த வசதியை நீங்க மௌனத்தை அடைக்கறதுக்குப் பயன்படுத்தறீங்க.

இன்னொண்ணு, மூச்சு. டப்பிங்குக்கு வர்றப்ப இசையும் மத்த சத்தமும் தனி ட்ராக்ல வருது, பேச்சு இல்லாம. நடிகரோட மூச்சு பல நேரம் பேச்சோட ட்ராக்ல இருக்கறதால அதோட சேந்து போயிடுது, அதைத் தமிழ்ல குரல் குடுக்கறவங்கதான் மறுபடி மூச்சு விட்டு ரெக்கார்ட் பண்ணணும். அதைச் செய்ய உங்களுக்கு நேரம் இல்ல. விளைவு என்னன்னா, மூச்சு மட்டுமே சத்தமா இருக்க வேண்டிய காட்சியில அந்த மூச்சும் இல்ல, ஹெல்மெட்டுக்குள்ள பிணம் இருக்கற மாதிரி இருக்கு. நான் ரெண்டையும் ஹெட்ஃபோன் போட்டு மாத்தி மாத்திக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

குரலோட தொனியும் அப்படித்தான். 1995ல வந்த அப்போலோ 13 எல்லாருக்கும் தெரியும், 1970 ஏப்ரல்ல நிஜமா நடந்தது, ஆக்ஸிஜன் தொட்டி வெடிச்சு மூணு பேர் உயிரோட திரும்பினது. அந்த நேரத்துல ஹூஸ்டன்ல இருந்த தரைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அவங்க நிஜமா சொன்னது "ஹூஸ்டன், இங்க ஒரு பிரச்சனை ஆயிருச்சு"ங்கிற மாதிரி நடந்து முடிஞ்சதைச் சொல்ற வாக்கியம், படத்துல அதைக் கொஞ்சம் மாத்தி "ஒரு பிரச்சனை இருக்கு"ன்னு வெச்சாங்க. நிஜ ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்க, அவ்வளவு நிதானமா சொல்றாங்க. அந்த நிதானம்தான் அவங்க தொழில். நான் சமீபத்துல தமிழ் டப்பிங்ல பாத்த விண்வெளி வீரங்க எல்லாரும் கத்திக்கிட்டே இருக்காங்க, ஆபத்து வந்தாலும் கத்தல், காலை வணக்கம் சொன்னாலும் கத்தல், நடுவுல ரெண்டு பஞ்ச் டயலாக் வேற. இத்தனைக்கும் அப்போலோ 13ல அம்மாவுக்கு ரொம்பப் புடிச்ச காட்சி சத்தமே போடாத காட்சி. கரியமில வாயுவை வடிகட்டற டப்பா ஒரு கலத்துல சதுரம், இன்னொரு கலத்துல வட்டம், சதுரத்தை வட்டத்துல பொருத்தணும், விண்கலத்துக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் பை, புத்தக அட்டை, டேப்பு, குழாய் இதை மட்டும் வெச்சு. கீழ பூமியில, மேஜை மேல அதே பொருட்களைக் கொட்டி இன்ஜினியருங்க சுத்தி உக்காந்து யோசிக்கறாங்க. அம்மா சொன்னாங்க, "இருக்கறதை வெச்சுத்தானே ஒட்டணும், கடைக்கா போக முடியும்"னு. அவங்களுக்கு எதை எளிமைப்படுத்தணும்?

2014ல வந்த இன்டர்ஸ்டெல்லார் பத்தி ஒரு விஷயம். வசனத்தை இசை அமுக்கிருச்சுன்னு அப்போவே நிறைய பேர் குறை சொன்னாங்க, வேணும்னேதான் அப்படி வெச்சேன்னு இயக்குநர் நோலன் பதில் சொன்னார். எனக்குமே சில இடத்துல அது எரிச்சல்தான், ஒத்துக்கறேன், அந்தப் படத்துல அன்பு பத்திப் பேசற வசனங்களும் எனக்கு அவ்வளவா ஒட்டல. ஆனா ஒரு இடம் இருக்கு. டாக்டர் மேன்னு ஒரு விண்வெளி வீரர் கலத்தோட கதவைத் திறந்துக்கிட்டே மனித குலத்தைப் பத்திப் பெருசா ஏதோ சொல்ல ஆரம்பிக்கறார், வாக்கியம் பாதியில இருக்கும்போதே வெடிச்சுருது, வெளியில இருந்து பாத்தா சத்தமில்லாம சுக்கு நூறாகுது. அந்த வாக்கியம் முடியக் கூடாது. தமிழ்ல வினைச்சொல் கடைசியில வர்றதால பாதியில வெட்டினா அர்த்தம் நிக்காதுன்னு நினைச்சு முழு வாக்கியத்தையும் சீக்கிரமா பேசி முடிச்சுடற பழக்கம் உங்ககிட்ட இருக்கு, பல படத்துல பாத்துட்டேன். அர்த்தம் நிக்காமப் போறதுதான் அங்க வேணும், சாவு அப்படித்தான் வருது.

கிராவிட்டியில இன்னொரு காட்சி, எனக்கு அந்தப் படத்துலயே புடிச்சது அதான். அந்தப் பெண் தனியா உக்காந்திருக்காங்க, ரேடியோல யாரோ ஒரு ஆள் சிக்கறார், அவர் பேசற மொழி இவங்களுக்குப் புரியாது, இவங்க மொழி அவருக்குப் புரியாது. நாய் குரைக்கறது கேக்குது, குழந்தை அழறது கேக்குது, அவர் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடறார். அவர் பேசறது கிரீன்லாந்து மொழி, பாக்கறவங்களுக்கும் மொழிபெயர்ப்பு கிடையாது. அதையும் தமிழ்ல பேச வெச்சா அந்தக் காட்சி செத்துப் போகும். எதை மொழிபெயர்க்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கறதும் மொழிபெயர்க்கறவங்க வேலைதானே. அதே மாதிரி 2019ல வந்த அப்போலோ 11 ஆவணப்படம், அதுல கதை சொல்ற குரலே கிடையாது, பேட்டியும் கிடையாது, அன்னைக்குப் பதிவான படமும் அன்னைக்குப் பேசின பேச்சும் மட்டும்தான். அதுக்கு நாளைக்குத் தமிழ்ல ஒரு கதைசொல்லிக் குரலை மேல ஏத்திடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

தமிழ் ஆளுங்களுக்கு இது புதுசுன்னு உங்க பதில்ல ஒரு தொனி இருந்துச்சு. 1963லயே கலை அரசின்னு எம்.ஜி.ஆர். படம் வந்து, வேற கிரகத்துக்காரங்க வந்து பானுமதியைத் தூக்கிட்டுப் போற கதையை நாங்க பாத்தாச்சு, அது 2001 படத்துக்கு 5 வருஷம் முந்தி. 2022ல ராக்கெட்ரி: நம்பி விளைவு வந்துச்சு, இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனோட கதை, மாதவன் எடுத்தது, திரவ எரிபொருள் இன்ஜின் பத்தித் தமிழ்ல பக்கம் பக்கமாப் பேசறாங்க, இஸ்ரோ ராக்கெட்டுல இருக்கற விகாஸ் இன்ஜின் பத்தி எங்க அப்பா இன்னமும் பேசிக்கிட்டு இருக்கார். தமிழும் இந்தியும் இங்கிலீஷும் சேத்தே எடுத்த படம் அது, தேசிய விருதும் வாங்குச்சு. லேண்டர், ரோவர், சுற்றுவட்டப் பாதை, ஈர்ப்பு விசை, கருந்துளை இதெல்லாம் தினசரி பேப்பர்லயே வர்ற வார்த்தைங்க. இதுக்கு மேல யாருக்கு, எது புரியாது?

டப்பிங் வேலை பாக்கறவங்க மேல எனக்குக் கோவம் கிடையாது, அதைத் தெளிவா சொல்லிக்கறேன். குறைஞ்ச நாள்ல, குறைஞ்ச சம்பளத்துல, படத்தை முழுசாப் பாக்கக் கூட விடாம துண்டு துண்டா காட்டி எழுதச் சொல்றாங்கன்னு அந்தத் தொழில்ல இருக்கற ஒரு நண்பர் சொல்லிக் கேட்டிருக்கேன். நல்லா எழுதின டப்பிங்கும் பாத்திருக்கேன், அப்போ யார் எழுதினாங்க, யார் குரல் குடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா பேரே வராது. கேட்டரிங் பாத்தவங்க பேர் வரைக்கும் ஓடுது, எங்க அம்மாவுக்கு அந்தப் படத்தைக் கொண்டு வந்து சேத்தவங்க பேர் இல்ல.

அதனால நான் கேக்கறது இதுதான், ஒவ்வொண்ணுக்கும் ஆமா இல்லன்னு பதில் வேணும்.

மூலப் படத்துல பேச்சு இல்லாத இடத்துல தமிழ்ல ஒரு வார்த்தை கூடச் சேக்காதீங்க, இதை எழுத்துல விதியா வையுங்க, ஸ்டுடியோவுக்கு வேலை குடுக்கும்போதே ஒப்பந்தத்துல போடுங்க. மூச்சும் முனகலும் வசனம் மாதிரியே ரெக்கார்ட் பண்ண வேண்டியதுன்னு அதுக்குன்னு நேரம் ஒதுக்குங்க.

விண்வெளிப் படமா இருந்தா, ரெக்கார்டிங்குக்கு முன்னாடி வசனப் பிரதியை விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் படிக்கணும். தமிழ்ல அறிவியல் எழுதறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, ஒரு கல்லூரி இயற்பியல் வாத்தியாரைக் கூப்பிட்டாக் கூடப் போதும், ஒரு நாள் வேலை. ஒரு சொல் பட்டியல் தயார் பண்ணி எல்லா டப்பிங் ரைட்டருக்கும் குடுங்க, பர்ன், காப்பி, அபார்ட், சோல்னு ஒவ்வொண்ணுக்கும். நான் எனக்குன்னு எழுதி வெச்ச பட்டியல் இருக்கு, கேட்டா இன்னைக்கே அனுப்பறேன், காசு எதுவும் வேண்டாம்.

தமிழ் டப்பிங் இருக்கற ஒவ்வொரு படத்துக்கும் தமிழ் சப்டைட்டில் இருக்கணும், அது அந்த டப்பிங் வசனத்தோட ஒத்துப் போகணும், சத்தம் நின்னு போற இடத்துல "சத்தம் இல்லை"ன்னு எழுதுங்க, காது கேக்காதவங்களுக்கும் அது தெரியணும். மெஷின் மொழிபெயர்ப்பை மனுஷக் கண்ணு படாம ஏத்தாதீங்க. தமிழ் வசனம் எழுதினவங்க, குரல் குடுத்தவங்க பேரைக் கடைசியில போடுங்க.

தப்புன்னு யாராவது நொடி குறிச்சு எழுதிக் குடுத்தா, நன்றின்னு ரெண்டு வரி அனுப்பறதுக்குப் பதிலா அதைத் திருத்துங்க, சப்டைட்டிலைத் திருத்தறதுக்கு ஸ்டுடியோ கூடத் தேவையில்ல.

என்னோட அந்த 14 இடமும் இன்னும் அப்படியேதான் இருக்கு, நேத்து ராத்திரி கூடப் போட்டுப் பாத்தேன். முதல்ல அந்த முக்கால் நிமிஷத்தை எடுத்துக்கங்க. அவர் பேசறதை எடுத்துட்டு மூச்சை மட்டும் திருப்பி வையுங்க. முடிஞ்சதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, எங்க அம்மாவும் அப்பாவும் அந்தப் படத்தை முதல்ல இருந்து மறுபடி பாக்கக் காத்துக்கிட்டு இருக்காங்க.